பத்து லட்சத்து மூன்று

நனைந்த சாக்பீஸுக்கு ஒரு வாசனை உண்டு. சுண்ணாம்பும் இல்லை, மண்ணும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒன்று. போன வாரம் புரோத்ராபூர் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு டீக்கடைத் தகரத்துக்கு அடியில் ஒதுங்கினேன். விலை எழுதிய கரும்பலகையை உள்ளே எடுக்க மறந்துவிட்டார்கள். வடையும் சமோசாவும் வெள்ளை வெள்ளையாக ஒழுகித் தரையில் இறங்கிக்கொண்டிருந்தன. மூக்கில் ஏறியது அந்த வாசனை. வாங்கிய டீ கையிலேயே ஆறிப்போனது. ஒரு வீடு, ஒரு பலகைச் சுவர், ஒரு மழைக்காலம், ஓர் எண்.

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறவர்களுக்கு. உங்களுக்கு நினைவிருக்கும். கடலுக்கு அப்பால் மெயின்லாண்டுக்கு விமானம் என்பது ஆபீசர்களின் சமாச்சாரமாக இருந்த காலம் அது. மற்ற எல்லோருக்கும் கப்பல். வானொலியில் கப்பல் செய்தி வரும்போது எங்கள் குன்றான மரைன் ஹில் முழுக்க அடுப்படிக் கரண்டிகூட அசையாது. எது எந்தத் தீவிலிருந்து கிளம்பியது, எது எப்போது கரை சேரும். வெங்காயம் வரும் கப்பல், கடிதம் வரும் கப்பல், ஆள் வரும் கப்பல். நாம் எதை எண்ணினாலும் கப்பலைத்தான் எண்ணினோம். வேறு எதற்காகவும் எண்ணத் தெரியாத ஊர் அது.

எங்கள் வீட்டில் அது அம்மா வரும் கப்பல். அம்மா நர்ஸ். காம்ப்பெல் பே ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். நம் தீவுகளின் தென்கோடி. அப்பாவுக்குத் துறைமுகக் கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலை, நேரங்காலம் கிடையாது. என்னைப் பார்த்துக்கொள்ளக் கோவில்பட்டியிலிருந்து அம்மாவின் தங்கையை வரவழைத்தார்கள். சித்தி கணக்கில் பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். மதுரையில் மேலே படிக்க இடமும் கிடைத்திருந்தது. அக்கா பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, போய்விட்டு வா, வந்ததும் கல்யாணத்தைப் பார்ப்போம் என்று சொல்லிக் கப்பலேற்றிவிட்டார்கள்.

முதல் வாரங்களில் நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் இரண்டு தனிமைகள் இருந்தன. ஒன்று சமைத்தது, இன்னொன்று சாப்பிட்டது. வெளியே மழை. தகரக் கூரையில் மழை விழுந்தால் கத்தித்தான் பேச வேண்டும். கத்திப் பேச எங்களிடம் ஒன்றும் இல்லை. நான் அம்மாவின் பழைய வெள்ளைக் காலுறை ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவேன். சித்தி அதைப் பார்த்தாள். துவைத்து வைத்தாள். துவைத்ததில் அம்மாவின் வாசனை போய்விட்டது என்று நான் அழுதேன். சித்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

சுவர் எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். நம் அந்தக்கால மரக் குவார்ட்டர்ஸ் உங்களுக்குத் தெரியும். கரையான் ஏறாமலிருக்கக் கறுப்பெண்ணெய் அடித்த பலகைகள். அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் துண்டுகள் இருக்கும், பெட்டிகளில் குறி போட. ஒரு மத்தியானம் பள்ளிவிட்டு வந்தபோது சித்தி அந்தத் துண்டுகளில் ஒன்றால் நடுக்கூடத்துச் சுவரின் உச்சியில் எழுதிக்கொண்டிருந்தாள். 1000003.

"இது என்னது சித்தி?"

"பத்து லட்சத்து மூணு."

"அது எனக்கும் தெரியும். எதுக்கு எழுதுத?"

"இது பகா எண்ணா இல்லையான்னு பாக்கணும்."

"புக்குல பாத்தா தெரிஞ்சிராதா?"

"தெரிஞ்சிரும். புக்கு மெயின்லாண்டுல இருக்கு. நான் இங்கல்லா இருக்கேன்."

அன்றுதான் அவள் சிரித்து முதன்முதலில் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முந்திக்கொண்டு நின்றது.

எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாதது பகா எண் என்று பள்ளியில் சொல்லித்தான் இருந்தார்கள். ஒன்றையும் அதையும் தவிர. ஆனால் பள்ளியின் பகா எண்கள் ஏழும் பதினொன்றும் மாதிரிச் சின்னப் பிள்ளைகள். இது மலைபோல நின்றது. பத்து லட்சத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் எதிர்ப்படுகிற ஆள் இதுவாக இருக்கலாம் என்றாள் சித்தி. பத்து லட்சத்து ஒன்று நூற்றியொன்றால் வகுபட்டுவிடும்; பத்து லட்சத்து இரண்டு இரட்டைப்படை. இதுதான் மிச்சம்.

"அப்போ பத்து லட்சம் வரைக்கும் வகுத்துப் பாக்கணுமா?" எனக்கு மயக்கமே வந்துவிட்டது.

"வேண்டாம்ட்டி. ஆயிரம் வரைக்கும் போதும். உள்ள ஒரு பெரிய ஆள் ஒளிஞ்சிருந்தா, அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சின்ன ஆளும் இருக்கணும்லா? ரெண்டு பேருமே ஆயிரத்துக்கு மேல இருந்தா, பெருக்குனா இதத் தாண்டிப் போயிரும். சின்னவனத் தேடுனா போதும். அதுலயும் பகா எண்ணா இருக்கிற சின்னவன மட்டும் பாத்தா போதும்."

"ஆயிரத்துக்குள்ள அது எத்தன இருக்கு?"

"நெறைய இருக்கு. இந்த மழை விடுறதுக்குள்ள முடியுமான்னு தெரியல."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் போகிறவர்கள்தான் என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. "நீ எப்ப ஊருக்குப் போவ?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இது முடியாம நான் எங்கயும் போகல."

அதோடு என் பிரார்த்தனை மாறிவிட்டது. அதுவரை சாமியிடம் அம்மாவின் கப்பலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது மீதியைக் கேட்டேன். ஏதாவது ஓர் எண்ணால் அது சரியாக வகுபட்டுவிட்டால் அன்றே கதை முடிந்தது. சித்தி சாக்பீஸை வைத்துவிடுவாள். மீதி வந்தால் அடுத்த எண். ஒவ்வொரு மீதியும் எனக்கு ஒரு நாள்.

ஏழால் வகுத்தோம். மீதி நான்கு. பதினொன்றால், மீதி நான்கு. பதின்மூன்றால், மறுபடியும் நான்கு. நான் பயந்துபோய்த் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று திரும்பப் போட்டேன். அதே நான்கு. சித்தி கைகொட்டினாள். "ஒம்பத ஆறு தடவ வரிசையா எழுது. அது இவங்க எல்லாராலயும் வகுபடும். நம்ம எண்ணு அதத் தாண்டி நாலு அடி நிக்கி. அதான் எல்லார்கிட்டயும் நாலு." முப்பத்தேழு வந்தபோது, ஆறு ஒன்பதும் அதால் வகுபடுவதைப் பார்த்து, கேட்காமலேயே நானே எழுதினேன், நான்கு என்று. வகுத்துப் பார்த்தாள். சரி. அன்றைக்கு எனக்கு ஓர் அப்பளம் கூடுதலாகக் கிடைத்தது.

அப்பா ராத்திரிச் சாப்பாட்டில் கேலி செய்வார். "என்ன வாத்தியாரம்மா, இன்னைக்கு யாரு தோத்தா?"

"நாப்பத்தொண்ணும் நாப்பத்துமூணும் அத்தான்."

"அடப் பாவமே. இருபத்துமூணாவது கைகொடுக்கும்னு நெனச்சேன்."

"அது போன வாரமே போயிட்டு."

"சரி, அப்போ பாயாசம் வேண்டாம்" என்று கையைக் கழுவப் போய்விடுவார். அவருக்கு அது ஒரு சீட்டாட்டம். பெண்பிள்ளைகள் பொழுது போகாமல் விளையாடுகிறார்கள். பொழுது போகவில்லை என்பது மட்டும் சரிதான்.

எண்பத்தொன்பதை மறக்க முடியாது. மின்சாரம் போன ஒரு சாயங்காலம், வாசல் வெளிச்சத்தில் நான் வகுத்துக்கொண்டிருந்தேன். மீதி எண்பத்தெட்டு. இன்னும் ஒன்றே ஒன்று கூட இருந்திருந்தால் பிசகில்லாமல் வகுபட்டிருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மீதியை இன்னொரு தடவை சரிபார்த்தேன். சித்தி என் உச்சந்தலையில் கைவைத்து, "ஒண்ணுல தப்பிச்சுட்டு" என்றாள். அவளும் மூச்சை விட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவளும் மீதிக்காகத்தான் வேண்டிக்கொள்கிறாள் என்று.

கேட்டேன். "உனக்கு ஊருக்குப் போகப் பிடிக்கலையா சித்தி?"

"ஊருல உரக்கடைக்காரர் ஒருத்தர் என்னப் பாக்க வரணும்னு காத்திருக்காராம். கார்டு வந்துச்சு." சாக்பீஸ் தூசியைத் தாவணியில் துடைத்துக்கொண்டாள். "இங்க யாரும் என்னைய ஒண்ணும் கேக்கலட்டி. அது எவ்வளவு நல்லாருக்கு தெரியுமா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளிஞ்சல்களை வைத்து விளையாடினோம். சில பகா எண்கள் எதாலும் வகுபடாவிட்டாலும் இரண்டு சதுரங்களாகப் பிரிந்து உட்காரும் என்று காட்டினாள். பதின்மூன்று கிளிஞ்சல்: ஒரு பக்கம் இரண்டுக்கு இரண்டு, மறுபக்கம் மூன்றுக்கு மூன்று. இருபத்தொன்பது: இரண்டுக்கு இரண்டும் ஐந்துக்கு ஐந்தும். எனக்கு ஆசையாகிவிட்டது. "நம்மது?"

"நம்மது உக்காராது. எந்தச் சதுரத்தையும் நாலால வகுத்தா ஒண்ணும் மிஞ்சாது, மிஞ்சுனா ஒண்ணு மிஞ்சும். ரெண்டு சதுரம் சேந்தாலும் ரெண்டுக்கு மேல மிஞ்சாது. நம்மதுல மூணுல்லா மிஞ்சுது."

"அப்போ அதுக்கு ஜோடியே கிடையாதா?"

"கிடையாது" என்று கிளிஞ்சல்களை டப்பாவில் அள்ளிப் போட்டாள். அந்த டப்பா, பால்பவுடர் டப்பா, எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பெங்காலி அம்மா இருந்தாள், எல்லோருக்கும் மாசி. எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னல் வழியாக மீன் கொடுப்பாள், கூடவே கண்ணையும் உள்ளே அனுப்புவாள். சுவரில் எண்கள் ஏறிக்கொண்டே வந்தன. உச்சியிலிருந்து இறங்கி, காலண்டரைச் சுற்றி, கதவு நிலை வரைக்கும். மாசி பார்த்தாள். வானொலியில் கப்பல் செய்தி ஓடும்போதும் சித்தி சுவர்ப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டு, "பேச்சாரி, ஜஹாஜ் கா தின் கின் ரஹீ ஹை" என்றாள். பாவம், கப்பலுக்கு நாள் எண்ணுகிறாள்.

"நஹீ மாசி, வோ கணித் ஹை" என்றேன். இல்லை, அது கணக்கு.

மாசி என் கன்னத்தைக் கிள்ளினாள். நாம் எல்லோரும் கப்பலை எண்ணினோம் என்றேனே. செய்தி ஓடும்போது அதைக் காதில் வாங்காமலிருந்தவள் அந்தக் குன்றில் ஒருத்திதான். அதை யாருமே கவனிக்கவில்லை.

அம்மாவுக்கு மாற்றல் வந்தது. வந்து இறங்கினாள், கறுத்து, இளைத்து, கழுத்தெலும்பு தெரிய. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். டெட்டால் வாசனை, டீசல் வாசனை, அதற்கும் கீழே அம்மா. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தேன். வாசலில் மாசி அவளை நிறுத்தி வைத்து ஏதோ சொன்னாள். உள்ளே வந்த அம்மா பையைக்கூட இறக்கவில்லை. சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

தொள்ளாயிரத்தைத் தாண்டியிருந்தோம் நாங்கள். ஒரு கூடம் நிறைய எண்கள். அம்மா விரலால் ஒரு வரிசையைத் தொட்டாள். விரல் வெள்ளையானது.

"எனக்குத் தெரியும்ட்டி" என்றாள். "எனக்குத் தெரியாதா? அங்க என் ரூம்ல கதவுக்குப் பின்னால இப்படித்தான். கரித்துண்டால கோடு கோடாப் போட்டு வச்சேன். ஒரு கோடு போடாம தூக்கம் வராது. கப்பல் தள்ளிப் போச்சுன்னா அத்தனையும் அழிச்சுட்டு முதல்லேருந்து. பைத்தியம் பிடிச்சிரும்னு பயந்துட்டேன். உன்னையும் கொண்டாந்து இப்படி ஆக்கிட்டேனே." சித்தியின் தோளில் விழுந்து அழுதாள்.

சித்தியின் கைகள் தொங்கியபடியே இருந்தன. ஒரு கையில் சாக்பீஸ். பிறகு சாக்பீஸ் இருந்த கை மெல்ல மேலேறி அக்காவின் முதுகில் தட்டிக்கொடுத்தது. ரவிக்கையில் வெள்ளைத் தடம் விழுந்தது.

அம்மா விடவில்லை. அடுத்த கப்பலில் அனுப்பிவிட வேண்டும். பண்டிகைக் காலம், டிக்கெட் இல்லை. அப்பா ஷிப்பிங் ஆபீசில் வரிசையில் நின்றார், தெரிந்தவர்களைப் பிடித்தார், அடுக்குப் படுக்கைகள் உள்ள பங்க் வகுப்பில் ஓர் இடம் வாங்கி வந்தார். அந்த நாளில் அப்படி ஒரு டிக்கெட் என்பது, உங்களுக்குத் தெரியும், நகை மாதிரி. மாசி வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கேனே அக்கா" என்றாள் சித்தி.

"எனக்காகச் சொல்லாத. உன் சொவரப் பாத்தேன்லா."

"இல்லக்கா, எனக்கு இங்க ஒண்ணும்..."

"போதும்ட்டி. மரியாதைக்குச் சொல்லுததெல்லாம் எனக்குத் தெரியாதா?"

நான் அப்பாவிடம் போனேன். அது கப்பல் கணக்கு இல்லை, பகா எண், ஆயிரம் வரைக்கும் வகுக்க வேண்டும், கொஞ்சம்தான் பாக்கி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காதுகொடுத்துத்தான் கேட்டார். பிறகு என்னை மடியில் இழுத்துக்கொண்டார். "குட்டி, பெரியவங்க நேரா அழ மாட்டாங்க. கணக்குப் போடுத மாதிரி, துணி மடிக்கிற மாதிரி எதையாவது பண்ணிக்கிட்டேதான் அழுவாங்க. உனக்கு இப்பப் புரியாது." இன்று வரைக்கும் யோசிக்கிறேன். அவர் சொன்னது தப்பில்லை. ஆளை மட்டும் மாற்றிச் சொன்னார்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தபோது சுவர் ஈரமாக இருந்தது. அம்மா ஒரு வாளி தண்ணீரும் பழைய சேலைத் துண்டுமாக முழங்காலிட்டிருந்தாள். பலகைகளில் பால்போல நீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஏழின் நான்கு, முப்பத்தேழின் நான்கு, எண்பத்தொன்பதின் எண்பத்தெட்டு. வீடெல்லாம் அந்த வாசனை. "இனி ஒண்ணையும் எண்ண வேண்டாம்" என்று அம்மா சொன்னாள், யாரிடம் என்று தெரியவில்லை. நான் அலறப் போனேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்தாள்.

"எங்க விட்டோம்னு நமக்குத் தெரியும்லா. அது போதும்."

அதன் பிறகு விறகுப் பெட்டிக்குப் பின்னால், சிமெண்டுத் தரையில், போட்டு உடனே அழித்தோம். எனக்குக் கை ஓடவில்லை. முடியக்கூடாது என்று ஒரு மனம். அரைகுறையாகப் போய்விடக்கூடாது என்று இன்னொரு மனம். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று மீதி எண்பத்துநான்கோடு போனது. கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சியது.

இப்போதெல்லாம் கோடிக்கணக்கான இலக்கங்களுள்ள பகா எண்களைக் கணினிகள் கண்டுபிடிக்கின்றனவாம். இப்போது இருக்கும் பத்துபஸ்தி வீட்டில் தலைக்கு மேல் விமானம் இறங்க, கைபேசியில் படித்தேன். அதன் பக்கத்தில் எங்களுடையது தூசி. சித்தியைப் பிறகு நான் பார்த்தது கல்யாண வீடுகளில்தான். பந்திக்கும் போட்டோவுக்கும் நடுவில் எதைப் பேசுவது? உரக்கடை பெரிதாகியிருந்தது. முந்திக்கொண்டு நின்ற பல்லை எடுத்துவிட்டிருந்தாள்.

கப்பல் நாளன்று மழை இல்லை. பயணிகள் கொட்டகையில் சித்தியின் தகரப் பெட்டியைச் சுற்றி நின்றோம். சட்டிபானை, மூட்டை, கைக்குழந்தைகள், இந்தியும் தெலுங்குமாக இரைச்சல். அப்பா டிக்கெட்டைக் காட்டப் போயிருந்தார். அம்மா வழிச்சாப்பாட்டுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். சித்தி இடுப்பிலிருந்து ஒரு சின்னத் துண்டு சாக்பீஸை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு. நீ போடு."

பெட்டி மூடியில் போட்டேன். ஆயிரம் தடவை போனால் மூவாயிரத்து மூன்று நிற்கிறது. அதில் மூன்று தடவை. மீதி பன்னிரண்டு.

"பன்னெண்டு" என்றேன்.

"பதினேழுக்கு என்ன வந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"பன்னெண்டு."

"அம்பத்தொம்பதுக்கு?"

"அதுக்கும் பன்னெண்டு."

அவள் கண் பளபளத்தது. "மூணு பேரும் ஒரே வீட்டு ஆளுங்க. மூணையும் பெருக்கிப் பாரு ஒருநாள். நம்ம எண்ணுக்குப் பன்னெண்டு அடி முன்னால நிக்கும்." சுவரின் மூன்று மூலைகளில், ஒருவரை ஒருவர் தெரியாமல் கிடந்தவர்கள். போன வாரம் அந்த டீக்கடையில் கைபேசியில் பெருக்கிப் பார்த்தேன். அப்படித்தான் நிற்கிறது.

"அப்போ இது பகா எண்தானா?"

"ஆமா."

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுட்டி." பெட்டி மூடியை உள்ளங்கையால் துடைத்தாள்.

ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூட்டம் நெருக்கியது. அம்மா ஓடிவந்து தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தாள். தங்கையின் முகத்தை இரண்டு கைகளாலும் வழித்துத் தன் நெற்றியோரத்தில் விரல்களைச் சொடுக்கினாள். அவ்வளவு நிம்மதியாக அம்மாவின் முகத்தை நான் அந்த வருஷம் பார்க்கவில்லை. யாரோ ஒருத்தரையாவது காப்பாற்றிவிட்ட முகம். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், அம்மா அவருக்கு வழி விலக்கிக்கொண்டு பின்னால் போனாள். நான் சித்தியின் தாவணி நுனியைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மாகிட்ட சொல்லு சித்தி. நீ கப்பலை எண்ணலைன்னு சொல்லு. இப்பச் சொன்னாக்கூடப் போதும், விட்டுருவாங்க."

அவள் குனிந்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டது.

"நானும் எண்ணலைன்னு சொல்லிட்டேன்னா, எண்ணுனவ அவ ஒருத்திதான்னு ஆயிரும்லாட்டி."